தாடிக்குக் காரணம் கேட்டவனுக்கு

என் மனைவி மாசமாக இருக்கிறாள் என்று உத்தமபாளையம் முழுக்கச் சொன்னது நீதான்.

அவள் மாசமாக இல்லை. நான் தாடி வளர்த்தேன். நடந்தது அவ்வளவுதான். இல்லை, நான் சொல்லவில்லை என்று மழுப்பாதே. நீ சொன்னபோது பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டார்.

படிக்கிறவர்களுக்கு நீ யாரென்று தெரியாது. என் கடைக்கு எதிரே சலூன் வைத்திருப்பவன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இருபது வருடமாக வாரத்துக்கு இரண்டு தடவை என் கன்னத்தில் கத்தி வைத்தவன். நான் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கிற மிஷின்களைப் பழுது பார்க்கிறவன். நம் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு ரோடுதான். நான் தும்மினால் உன் கண்ணாடியில் தெரியும். அப்படி இருந்தும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குச் சொன்னாய்.

தாடி எதற்கு வளர்த்தேன் என்பதை இப்போது சொல்கிறேன். உன்னிடம் "சும்மா" என்று சொன்னது பாதிப் பொய். முழு உண்மை இதுதான். போன சித்திரையில் சின்னமனூரில் என் மனைவி வழியில் ஒரு கல்யாணம். வீடியோக்காரன் பந்தியில் நான் பாயசம் குடிப்பதைப் பக்கவாட்டில் எடுத்து வைத்திருந்தான். அதை வீட்டில் டிவியில் போட்டுப் பார்த்தோம். உதடு இருந்தது. உதட்டுக்குக் கீழே நேராகக் கழுத்து. நடுவில் இருக்க வேண்டிய சாமானைக் காணோம்.

"ஏங்க, ஒங்க தாடை எங்கன போச்சு?" என்றாள் என் மனைவி.

"பாயசம் குடிக்கும்போது அப்படித்தான் தெரியும்."

"பக்கத்துல ஒங்க சித்தப்பாவுந்தான் குடிக்கிறாரு. அவருக்குத் தாடை இருக்கே."

நாற்பத்திரண்டு வயதில் புதிதாகத் தாடை முளைக்காது. முடி முளைக்கும். முடியை வைத்துத் தாடை கட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். இதை வெளியே சொன்னால் நீ பத்து வருடத்துக்குச் சிரிப்பாய். அதனால் சொல்லவில்லை.

ஆனி பிறந்த அன்று கத்தியை நிறுத்தினேன். புதிதாகத் தாடி வளர்க்கப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் நான் பட்டதைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் வாரம் தாடி இருக்காது. சீக்கு இருக்கும். கடைக்கு வந்த அத்தனை பேரும் "என்னண்ணே, காச்சலா?" என்றார்கள். கூடலூரிலிருந்து வந்த ஒருத்தர் மிஷினை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே நிலவேம்புக் கசாயம் எப்படிப் போடுவது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாவது வாரம் அரிப்பு. கழுத்தில் எறும்புப் புற்றைக் கொட்டிக் கட்டியது போல. ராத்திரி பகல் கிடையாது. ஒருநாள் என்னை அறியாமல் கதவு நிலையில் கழுத்தை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்று பார்த்தாள். "மாடு கட்டுத்தறியில ஒரசுற மாதிரி ஒரசுறீக. பாத்து, நெல சாஞ்சிரப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது வாரம்தான் உண்மையான சோதனை. வலது கன்னத்தில் முடி மளமளவென்று வந்தது. இடது கன்னத்தில் பத்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு இடம் மொட்டையாகக் கிடந்தது. சரி, வலது பக்கத்தைக் கொஞ்சம் குறைத்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியுமே என்று என் மனைவியின் தையல் கத்தரியை எடுத்துவிட்டேன். வலதைக் குறைத்தால் இடது தூக்கலாகத் தெரிந்தது. இடதைக் குறைத்தால் வலது. அவள் வந்து கத்தரியைப் பிடுங்கியிராவிட்டால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும்.

மறுநாள் பக்கத்துப் பைப் கடை பாயிடம் போய் உட்கார்ந்தேன். அவர் தாடி நெஞ்சு வரைக்கும் இருக்கும். நம்ம ரோட்டில் தாடியைப் பற்றிப் பேசத் தகுதி உள்ளவர் அவர் ஒருத்தர்தான்.

என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு வெட்டுனது?"

"நான்தான்."

"ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. தம்பி, நாப்பது நாளைக்குக் கத்தி, கத்தரி, கண்ணாடி மூணையும் மறந்துரணும். மொட்டையா இருக்க எடத்தைப் பக்கத்து முடி வளந்து மூடிக்கிரும். நீ பாத்துக்கிட்டே இருந்தா வளராது."

சோப்புப் போடக் கூடாது, சீயக்காய் போதும் என்றார். குளித்துத் துவட்டிய பிறகு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியில் அல்ல, முடிக்கு அடியில் இருக்கிற தோலில் படும்படி தடவச் சொன்னார். ஈரத்தில் சீப்புப் போட்டால் முடி பிய்ந்து வரும், காய்ந்த பிறகுதான் சீவ வேண்டும். நாற்பது நாள் கழித்து முதலில் கழுத்தைத்தான் ஒதுக்க வேண்டும், குரல்வளைக்கு மேலே இரண்டு விரல் வைத்து அதற்குக் கீழே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். கன்னத்தில் கோடு போடவே கூடாது. "கோடு போட்டா கல்யாண மாப்பிள்ள மாதிரி இருக்கும். ஒன் வயசுக்கு அது ஆகாது" என்றார். மூன்று நாளில் அரிப்பு நின்றது. இன்றைக்கு என் முகத்தில் இருப்பது பாதி அவர் தாடி.

நடுவில் ஒரு கேவலம். சுருளிப்பட்டியிலிருந்து வந்த மிஷின் ஒன்றைக் கழற்றும்போது டேங்கில் பூசணத்துக்கு அடிக்கிற நீல மயில்துத்தக் கலவை மிச்சம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஹோஸ் பிடுங்கிக்கொண்டு மூஞ்சியில் அடித்தது. கறுப்பு முடிக்கு ஒன்றும் ஆகவில்லை. நரைத்த முடி மட்டும் நீலமாகிவிட்டது. எனக்கு எத்தனை நரை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ரோட்டுக்கே தெரிந்தது. இரண்டு நாள் சீயக்காய் போட்டுத் தேய்த்த பிறகுதான் நிறம் போனது. அந்த இரண்டு நாளும் நீ உன் கடை வாசலில் நின்று "ஏலே, திராட்சை காச்சிருச்சா?" என்று கத்தியதை நான் மறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ அந்தக் காரியத்தைச் செய்தாய். வழக்கம்போலப் பேப்பர் படிக்க உன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். நாற்காலி காலியானதும் துண்டை உதறி "வா மாப்ள, உக்காரு" என்றாய்.

"வேணாம்."

"தாடி வேணாம்னா விடு. தலையையாவது வெட்டிக்க. காது மூடிக் கெடக்கு."

"கத்தரியே படக்கூடாது."

"என்னலே வேண்டுதலு?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

அந்தச் சமயம் என் கடையில் ஆள் காத்திருப்பதாகப் போன் வந்தது. எழுந்து போய்விட்டேன். நான் ரோட்டைத் தாண்டிய பிறகு நீ என்ன பேசினாய் என்பது எனக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரைக்கும் நான் ஒரு முட்டாளாகச் சந்தோஷமாக இருந்தேன்.

ஏனென்றால் அந்த வாரத்திலிருந்து ஊர் என்னை மரியாதையாக நடத்த ஆரம்பித்தது. மிஷினை நான் தூக்கப் போனால் "நீங்க விடுங்கண்ணே, நான் தூக்குறேன்" என்றார்கள். டீக்கடையில் எனக்குப் பால் கூட ஊற்றினார்கள். எப்போதும் கூலியைக் கடைசி வரை இழுத்தடிக்கிற ஒரு தோட்டக்காரர் பணத்தை அப்போதே கொடுத்து, "அலையாதீக, சாயங்காலம் வெரசா வீட்டுக்குப் போங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். எல்லாம் தாடியின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். தாடை வந்ததும் மதிப்பு வந்துவிட்டது, இருபது வருடத்துக்கு முன்னாலேயே வளர்த்திருக்கலாமே என்று வருத்தப்பட்டேன். அந்தத் தாடியைத் தாடியாகவே பார்த்தவர் ஒரே ஒருத்தர்தான். குமுளிக்கு மேலே ஏலத் தோட்டத்திலிருந்து மிஷின் கொண்டுவருகிற மலையாளத்துக்காரர். "தாடி கொள்ளாம் சேட்டா" என்றார், நன்றாக இருக்கிறதாம். மலைக்கு அந்தப் பக்கம் தாடிக்குக் காரணம் கேட்பதில்லை போல.

வீட்டில் என் மனைவியும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவள் ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். காலையில் அந்த டவுன் பஸ்ஸில் பத்து வருடமாக நின்றுகொண்டே போகிறவள்.

"ஏங்க, இன்னைக்கும் எனக்கு எந்திரிச்சு எடம் குடுத்தாக. இந்த வாரத்துல நாலாவது நாளு."

"யாரு?"

"யாருன்னு இல்ல, ஆளாளுக்குக் குடுக்குறாக. கண்டக்டரு டிரைவர்கிட்டப் போயி 'மெதுவாப் போண்ணே, டீச்சர் ஒக்காந்துருக்காக'ன்னு சொல்றாரு. ஒரு அம்மா மடியில ரெண்டு மாங்காயப் போட்டுட்டு எறங்கிருச்சு."

"ஊரு திருந்திருச்சு" என்றேன்.

"திருந்திருச்சு" என்றாள். இரண்டு பேரும் உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு அந்த மாங்காயைத் தின்றோம். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

ஆடி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. காற்று ரோட்டுப் புழுதியை எல்லாம் வாரி என் தாடியில் போட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு உள்ளூர் விடுமுறை, வீட்டில் இருந்தாள். மதியம் நான் சாப்பிட வந்து செருப்பைக் கழற்றும்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுருளிப்பட்டியிலிருந்து என் மாமியார். கையில் இரண்டு பெரிய தூக்குவாளி, ஒரு பை. இறங்கியதுமே அழுகை.

"ஆத்தா, பதினோரு வருசம்" என்று என் மனைவியைக் கட்டிக்கொண்டார். வாளியில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச் சோறு. பையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்.

"அம்மா, என்னம்மா இது?"

"எங்கிட்டயே மறைக்கிறியாடி? மூணு மாசம் கழியட்டும்னு பாத்தியா? சுருளிப்பட்டியில எனக்குத்தான் கடைசியாத் தெரியுது. தோட்டத்துக்காரரு ஒருத்தரு உத்தமபாளையத்துல சேவ் பண்ணப் போன எடத்துல கேட்டுட்டு வந்து எனக்கு வாழ்த்துச் சொல்றாரு!" என்னைப் பார்த்தார். "மாப்பிள்ள, நீங்களாவது ஒரு போன் போட்டிருக்கலாம்."

"அம்மா, அப்படி ஒண்ணும் இல்ல."

"இல்லாமத்தான் இவுக ஒரு மாசத்துக்கு மேலாத் தாடியும் தலையுமா நிக்கிறாகளா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பஸ் விளங்கியது. மாங்காய் விளங்கியது. பொண்டாட்டி மாசமாக இருந்தால் புருசன் முடி எடுக்கக் கூடாது என்கிற வழக்கம் எனக்குத் தெரியாததா? என் அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பார். ஆனால் அது நமக்கு உண்டான வழக்கம் என்கிற நினைப்பே எங்கள் வீட்டில் அற்றுப்போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அதனால்தான் தோன்றவில்லை.

நாங்கள் மதுரை வரைக்கும் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர்கள். வீரபாண்டியில் அவள் தீச்சட்டி எடுத்திருக்கிறாள். பிறகு ஒருநாள் இரண்டு பேரும் பேசி, போதும் என்று நிறுத்தினோம். நாங்கள் நிறுத்தினாலும் ஊர் நிறுத்தவில்லை. விசேஷ வீடு, பஸ், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் "விசேசம் உண்டா டீச்சர்?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்து, மூன்று வருடத்துக்கு முன்னால்தான் ஒருவழியாக ஓய்ந்தது. அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போக ஆரம்பித்ததே அதன் பிறகுதான். அந்தச் சின்னமனூர்க் கல்யாணத்தில் அவள் எவ்வளவு சத்தமாகச் சிரித்தாள் என்பதும் அந்த வீடியோவில் இருக்கிறது.

மாமியாருக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது. புரிந்ததும் வளையல் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். வாளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். என் மனைவி விடவில்லை. தட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள்.

"வயித்துல புள்ள இருந்தாத்தான் எள்ளுச் சோறு எறங்குமா? வையி. எனக்குப் பசிக்குது."

ஐந்து சோறும் வாங்கிச் சாப்பிட்டாள். வளையலையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். மாமியார் அழுதுகொண்டே சிரித்தார். நான் இரண்டும் செய்ய முடியாமல் தாடியைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

மாமியாரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் பாத்ரூமில் போய் ரேசரை எடுத்தேன். சோப்பு நுரையைப் பூசிவிட்டேன். கதவில் வந்து நின்றாள்.

"என்ன செய்றீக?"

"எடுக்கப் போறேன். இது இருந்தாத்தானே பேசுவாங்க."

"கொஞ்சமாவது ரோசன பண்றீகளா? நாளைக்கு நீங்க மழமழன்னு போயி கடையில நின்னா என்ன சொல்வாக?"

வடிந்த நுரையைப் புறங்கையால் துடைத்தேன்.

"கலைஞ்சு போச்சும்பாக. இப்ப மாங்கா குடுத்தவுக எல்லாம் அடுத்த வாரம் துக்கம் கேக்குற மாதிரி வந்து கையப் பிடிப்பாக. நான் இல்லாத புள்ளைக்கு அழுகணுமா?"

ரேசரைக் கழுவி வைத்தேன். எடுத்தால் ஒரு கதை. எடுக்காவிட்டால் ஊர் மாதத்தை எண்ணும். ஏழாம் மாதம் வளைகாப்பு எப்போது என்று கேட்கும். இப்படி ஒரு பொறியில் என்னை மாட்டிவிட்டவன் ரோட்டுக்கு எதிர்ப் பக்கம் ரேடியோ போட்டுக்கொண்டு முடி வெட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் பாயிடம் கேட்டேன். அன்றைக்குப் பெஞ்சில் இருந்த நாலு பேரில் அவர் ஒருத்தர். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் ரோட்டைத் தாண்டியதும் நீ சீப்பை நீட்டி விரல் விட்டு எண்ணினாயாம். "ஐயப்பனுக்கு மாலை போட இன்னும் நாலு மாசம் கெடக்கு. வீரபாண்டித் திருவிழா முடிஞ்சு போச்சு. அப்பனும் ஆத்தாளும் போயி வருசமாச்சு, துட்டி இல்ல. லவ் பெயிலியருன்னா, இந்த மூஞ்சிக்கு மொதல்ல லவ்வு வரணும். அப்ப என்ன மிச்சம்? டீச்சருக்கு விசேசம்! அதான் கத்தரியே படக்கூடாதுங்குறான்." பெஞ்சு மொத்தமும் கை தட்டியதாம்.

"நீங்க ஏன் பாய் எங்கிட்டக் கேக்கல?"

"நானும் உண்மைன்னுதான் நெனச்சேன் தம்பி. நல்ல சேதி, நீயாச் சொல்லுவேன்னு காத்திருந்தேன். நாப்பது நாள் கணக்குச் சொன்னது நான்ங்குறதே எனக்கு மறந்து போச்சு."

அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. தன் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அது பொய் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் பைப் வாங்க ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம். உன் பெஞ்சில் ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் உட்கார்ந்திருக்கும்.

உன்னிடம் வந்தேன். நீ என்ன செய்தாய்? கடையை விட்டு வெளியே வந்து, சந்துக்குள் கூட்டிப் போய், குரலைத் தாழ்த்தினாய்.

"மாப்ள, நான் ஒரு சந்தேகமாத்தான் சொன்னேன். நல்லது நடக்கட்டும்னுதான்."

"ஒன் சந்தேகத்துக்கு எங்க மாமியா அஞ்சு சோறு கட்டிட்டு வந்தாகடா."

"சரி விடு, தப்புத்தான். ரெண்டு மாசம் போகட்டும், தானா மறந்துருவாக. வா, ஒரு டீ குடி."

நான் குடிக்கவில்லை. சந்துக்குள் சொல்கிற தப்பு எனக்கு எதற்கு? சொல்லும்போது நாலு பேர் நடுவில் சீப்பைத் தூக்கிச் சொன்னாய். திருப்பி வாங்கும்போது சாக்கடை ஓரம் வந்து காதில் சொல்கிறாய். இரண்டு மாதத்தில் மறந்துவிடுவார்களாம். என் மனைவி இப்போது பஸ்ஸில் யார் எழுந்தாலும் உட்கார்வதில்லை. கைப்பையை வயிற்றை மறைத்துப் பிடித்துக்கொண்டு ராயப்பன்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே போகிறாள். பஸ் பூராவும் அந்தப் பையையே பார்க்கிறது. நீ அந்த பஸ்ஸில் போவதில்லை. உனக்கு என்ன தெரியும்?

ஆனாலும் தாடியை எடுக்கச் சொல்லி அவள் சொல்லவில்லை. ஒரு மரச்சீப்பு வாங்கி வந்து கொடுத்தாள். "தாடி என்ன பாவம் பண்ணுச்சு? பக்கவாட்டுல பாத்தா மனுசன் மாதிரி இருக்கீக" என்றாள். இடது கன்னத்து மொட்டையும் மூடிவிட்டது. நாற்பது நாளும் முடிந்தது. கழுத்தை ஒதுக்க வேண்டும். அதற்கு நான் வேறு சலூனுக்குப் போகப் போவதில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பெஞ்சு நிறைந்திருக்கும் நேரத்தில், உன் நாற்காலியில் வந்து உட்காருவேன். என் மனைவி வாசலில் நிற்பாள், அந்தக் கண்ணாடி வளையலோடு. நீ துண்டைப் போர்த்து. ரேடியோவை அணை. கத்தரியை எடுப்பதற்கு முன்னால் பெஞ்சைப் பார்த்துத் திரும்பி, அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னாயோ அவ்வளவு சத்தமாகச் சொல்: டீச்சர் மாசமாக இல்லை, இருந்ததும் இல்லை, நானாகக் கணக்குப் போட்டுக் கட்டிவிட்டேன், இவன் தாடை இல்லாததால் தாடி வளர்த்தான். கடைசியில் உள்ளதையும் சேர்த்தே சொல். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். பத்து வருடம் சிரிக்கட்டும். அவள் பையைப் பார்ப்பதை நிறுத்தினால் போதும்.

சொல்லி முடித்த பிறகு குரல்வளைக்கு மேலே இரண்டு விரல் வைத்துக் கழுத்தை ஒதுக்கு. கன்னத்தில் கோடு போடாதே.

சொல்வாயா, மாட்டாயா? இதற்கும் சந்துக்குள் வந்து பதில் சொல்லாதே. பெஞ்சு கேட்கச் சொல்.